பதிவேட்டில் யார் பெயர்?

1

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு டீக்கடையில் நண்பர் ஒருவர் ஒரு தாளை நீட்டினார். கையெழுத்து இயக்கம். விலங்குகளைச் சித்திரவதை செய்து தண்டனை பெற்றவர்களின் பெயர், படம், முகவரி எல்லாவற்றையும் அரசு பகிரங்கமாக வெளியிட வேண்டும். அவர்கள் மறுபடி எந்தப் பிராணியையும் வளர்க்கக் கூடாது. கோரிக்கை இரண்டு, தாள் ஒன்று. "போடுங்க அண்ணாச்சி, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். யோசிக்க இருந்தது. நான் பேனாவை எடுக்கவில்லை. "அப்ப யானையை அடிச்சவனுக்கு வக்காலத்தா?" என்றார். நியாயமான கோபம்தான். அதற்கு டீ ஆறுவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்தத் தாளில் இருந்த இரண்டு கோரிக்கைகளும் ஒன்றல்ல. தடை என்பது ஒரு கையை ஒரு பிராணியிடமிருந்து விலக்கி வைப்பது. பகிரங்கப் பட்டியல் என்பது ஒரு முகத்தை ஊர் நடுவில் நிறுத்தி வைப்பது. முதலாவது பிராணியைக் காப்பாற்றக் கூடியது. இரண்டாவது நம் கோபத்துக்குத் தீனி போடும். பிராணிக்கு என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. தவிரவும், பெயர் எழுதும் பதிவேடு என்பது நம் பகுதிக்குப் புதிய விஷயமல்ல.

2

நண்பர் சொன்ன யானை ஜெயமால்யதா. ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியார் கோவில் யானை, அசாமிலிருந்து வந்தது, அங்கே அதன் பெயர் ஜாய்மாலா. 2021 பிப்ரவரியில் மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியில் கோவில் யானைகளுக்கான புத்துணர்வு முகாம் நடந்தபோது, இந்த யானையை மரத்தோடு கட்டிவைத்து இரண்டு பேர் மாறிமாறி அடிக்கும் வீடியோ வெளிவந்தது. யானை அலறுவது அதில் கேட்கும். பாகனும் உதவியாளரும் கைதானார்கள். 2022இல் பீட்டா அமைப்பு மறுபடியும் வீடியோவும் அறிக்கையும் வெளியிட்டது. அசாம் அரசு யானையைத் திருப்பிக் கேட்டது. யானை நலமாகத்தான் இருக்கிறது என்று தமிழக அரசு தன் பங்குக்கு ஒரு வீடியோ வெளியிட்டது. விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பாகனின் முகம் எல்லோருடைய செல்போனிலும் வந்துவிட்டது. எந்த அரசும் பதிவேடு திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவர் பட்டியலில் ஏறிவிட்டார். ஆனாலும் யானையின் பிரச்சினை தீரவில்லை. இரண்டாவது, அடுத்த ஆண்டே பேச்சு 'இது யாருடைய யானை' என்பதாக மாறிவிட்டது. இரண்டு அரசுகள் உரிமை கொண்டாடின. அடி விழுந்த நாளில் மட்டும் உரிமையாளர் யாரும் முன்னால் வரவில்லை. உரிமை என்று வந்தால் நிறுவனம்; குற்றம் என்று வந்தால் பாகன்.

காட்டில் யானை கூட்டமாக வாழும் பிராணி. தாயும் மகளும் பேத்தியும் சேர்ந்தே திரியும். அதைத் தனியாகக் கல்தரையில் சங்கிலியில் கட்டி, வாத்தியச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே தும்பிக்கையைத் தூக்க வைக்க வேண்டுமானால், பயம் என்ற ஒன்று இருந்தாக வேண்டும். அந்தப் பயத்தை அன்றாடம் உற்பத்தி செய்யும் கூலிக்காரர்தான் பாகன். அதன் விலையையும் அவரே கொடுக்கிறார். 2024 நவம்பர் 18 அன்று திருச்செந்தூர் கோவில் யானை தெய்வானை, தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. அடிக்கிற கையும் பாகனுடையது, மிதிபடுகிற உடம்பும் பாகனுடையது. இப்படிச் சொல்வதால் அடித்தது சரியாகிவிடாது. அந்தத் தடி அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

3

பிராணி வளர்க்கத் தடை என்பதை ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் அது இருக்கிறது. ராஜ்யசபையில் ருக்மிணிதேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் தொடர்ச்சியாக வந்த சட்டம் இது. இதன் 29ஆம் பிரிவின்படி, வதைக்கு உள்ளான பிராணியை உரிமையாளரிடமிருந்து அரசு பறிமுதல் செய்யும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். தண்டனை பெற்றவர் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ, ஒரு வகைப் பிராணியையோ எந்தப் பிராணியையுமோ தன் பொறுப்பில் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்லலாம்.

அப்படின்னா ஏன் யாருக்கும் இது தெரியவில்லை? அதே பிரிவின் நான்காம் உட்பிரிவைப் படித்தால் தெரியும். தடை விதிக்க மூன்று நிபந்தனைகள். முந்தைய தண்டனையோ, நடத்தை பற்றிய சாட்சியமோ காட்டி, இவரிடம் விட்டால் பிராணி மறுபடி வதைபடும் என்று நிரூபிக்க வேண்டும். இதையாவது ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது, தடை கேட்கப் போகிறோம் என்று முதல் புகாரிலேயே எழுதியிருக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு அடிபட்ட நாயைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறவருக்கு இது எப்படித் தெரியும்? மூன்றாவதுதான் கழுத்தை நெரிப்பது. அந்தப் பிராணியை வளர்க்க லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் உள்ள பகுதியில் குற்றம் நடந்திருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டத்தில் காவலுக்குக் கட்டிப்போட்டிருக்கும் நாய்க்கு லைசென்ஸ் எங்கே என்று யாராவது கேட்டதுண்டா? தடையை ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொண்டது சட்டம். தடையை மீறினால் அபராதம் நூறு ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மூலக்குற்றத்துக்கான தண்டனை இன்னும் கேலிக்கூத்து. 11ஆம் பிரிவின்படி முதல் தடவை என்றால் பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். ஒரு சாப்பாட்டுக் காசு. 2014 மே மாத ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே இதைச் சுட்டிக்காட்டித் தண்டனையைக் கூட்டச் சொன்னது. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது.

ஆனால் அதே 11ஆம் பிரிவில், போராட்டக்காரர்கள் அதிகம் பேசாத இரண்டாம் உட்பிரிவு ஒன்று உண்டு. வதையைத் தடுக்கத் தக்க கவனமும் மேற்பார்வையும் செலுத்தத் தவறிய உரிமையாளரும் அந்தக் குற்றத்தைச் செய்தவராகவே கருதப்படுவார். அடித்தவர் வேலைக்காரர், எனக்குத் தெரியாது என்று முதலாளி நழுவ முடியாது. இந்த வரியை ஒரு கோவில் நிர்வாகத்தின் முன் வைத்துப் படித்துப் பாருங்கள். நாம் கையில் எடுக்க வேண்டிய ஆயுதம் ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் கிடக்கிறது. ஆனாலும் பாகனின் படத்தைக் கேட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறோம்.

4

பகிரங்கப் பட்டியல் அமெரிக்காவில் தொடங்கியது. 2010இல் நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி இப்படியொரு பதிவேட்டுக்குச் சட்டம் போட்டது. மாநில அளவில் முதலில் கொண்டுவந்தது டென்னசி; 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை. முதல் தண்டனைக்கு இரண்டு ஆண்டு, அடுத்ததற்கு ஐந்து ஆண்டு பெயரும் படமும் பட்டியலில் இருக்கும். பாலியல் குற்றவாளிகளின் பெயர்களைப் பகிரங்கமாக்கிய 1990களின் அமெரிக்கச் சட்டங்களே இதற்கு முன்மாதிரி.

ஆதரிப்போரின் வாதங்களைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. பிராணியை வதைக்கிற கை வீட்டில் பெண்ணையும் குழந்தையையும் வதைப்பதுண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2016 முதல் விலங்குவதையைத் தனிக் குற்றவகையாகவே கணக்கெடுக்கிறது. தெருவில் மீட்ட குட்டியைத் தத்துக் கொடுக்கிறவருக்கு, வாங்க வருகிறவர் யார் என்று தெரிய வேண்டும் என்பதும் நியாயம்.

ஆனால் நடந்தது என்ன? டென்னசி பட்டியலில் ஏறிய பெயர்கள் மிகக் குறைவு. அதுவும் செல்லப்பிராணிகளைப் பற்றியது மட்டுமே. பண்ணை விலங்கு அதில் சேராது. வீட்டில் ஒரு நாயைக் கொன்றவர் பட்டியலில் இருப்பார். பல்லாயிரம் கோழிகளை இறக்கை விரிக்க இடமில்லாத கூண்டில் வளர்க்கும் கம்பெனி இருக்காது. அமெரிக்காவின் பழைய மிருகவதைத் தடுப்புச் சங்கமான ஏ.எஸ்.பி.சி.ஏ.வே இந்தப் பட்டியல்களால் பெரிய பயன் உண்டா என்று சந்தேகம் தெரிவித்திருக்கிறது.

பட்டியலைப் பகிரங்கப்படுத்தாமலே தடையை நடத்தும் நாடுகளும் உண்டு. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தண்டனை பெற்றவர் பிராணியைச் சொந்தமாக வைத்திருக்கவோ, பராமரிக்கவோ, அதன்மேல் அதிகாரம் செலுத்தவோ கூடாது என்று நீதிமன்றம் தடுக்கலாம். காலம் கழித்துத் தடையை நீக்கக் கேட்கவும் வழி உண்டு. பின்லாந்தில் தடை பெற்றவர்களின் பதிவேடு அதிகாரிகளின் பார்வைக்கு மட்டும். இந்தியாவிலேயே, 2018 செப்டம்பரில் தொடங்கிய பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைப் போலீஸ் மட்டுமே பார்க்க முடியும், பொதுமக்களுக்குத் திறந்துவிடவில்லை.

5

விலங்குரிமை பேசுகிற எல்லோரும் ஜெரமி பெந்தாமை மேற்கோள் காட்டுவார்கள். விலங்குக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்று கேட்காதீர்கள், அதற்கு வலிக்குமா என்று கேளுங்கள் என்ற வாதம் 1789இல் வெளிவந்த அவருடைய நூலில் இருக்கிறது. அதே பெந்தாம்தான் சில ஆண்டுகளில், நடுக் கோபுரத்திலிருந்து எல்லாக் கைதிகளையும் பார்க்க வசதியான 'பனாப்டிகன்' சிறைக்கும் வரைபடம் போட்டார். மிஷல் ஃபூக்கோ தண்டனையின் வரலாற்றை எழுதியபோது நவீன அதிகாரத்தின் உருவகமாக எடுத்துக்கொண்டது இந்தக் கட்டிடத்தைத்தான். வலிக்குமா என்ற கருணையும், எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற கண்காணிப்பும் ஒரே மூளையில் பிறந்தவை. இதனால் கருணை பொய் என்று ஆகிவிடாது. கருணையின் பேரால் வருகிற ஒவ்வொரு கண்காணிப்பையும் தனியாக விசாரிக்க வேண்டும் என்று மட்டும் ஆகிறது.

தண்டனை ஊர்ச் சதுக்கத்திலிருந்து சிறைச்சுவருக்குள் போன கதையை ஃபூக்கோ சொன்னார். பகிரங்கப் பட்டியல் அதை மறுபடி சதுக்கத்துக்கு இழுத்து வருகிறது. இம்முறை சதுக்கம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது; கூட்டம் கலைவதும் இல்லை.

யார் சதுக்கத்துக்கு இழுக்கப்படுகிறார்கள் என்பதிலும் ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் மாட்டுக்கான முதல் சட்டம் 1822இல் வந்தது. 1824இல் வதைத் தடுப்புச் சங்கம் வந்தது. பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் மாடு ஓட்டிகளும் வண்டிக்காரர்களும். ஏழைகளின் கேளிக்கையான எருதுச் சண்டை 1835இல் தடைசெய்யப்பட்டது. கனவான்களின் நரிவேட்டையைத் தடைசெய்ய 2004 ஆக வேண்டியிருந்தது. இடைவெளி 169 ஆண்டு. கொடுமை என்ற சொல் யார் கையிலிருக்கும் தடியைச் சுட்டுகிறது என்பதை வர்க்கம் தீர்மானித்திருக்கிறது.

6

இனி நம் ஊருக்கு வருவோம். 1871இல் வட இந்தியாவில் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. நம் சனங்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். மதுரைப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர், இராமநாதபுரம் பக்கத்து ஆப்பநாட்டு மறவர், குறவர் என்று சாதி சாதியாகப் பெயர் எழுதி, ரேகை உருட்டி, இரவில் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்ன பதிவேடு அது. வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் போயிற்று. 1948இல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்ற வேறு பெயரில் இன்னொரு பதிவேடு வந்தது. போலீஸ் ஏட்டிலிருந்த 'கே.டி.' என்ற இரண்டு எழுத்துதான் 'கேடி' என்ற வசவாக ஆனது என்கிறார்கள். ஏட்டை மூடினாலும் சொல் தெருவில் திரிந்துகொண்டிருக்கும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 2024 அக்டோபர் 3 அன்றுதான், சிறைவிதிகளில் சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் போக்கை உச்ச நீதிமன்றம் கண்டித்துத் தீர்ப்பளித்தது.

"அது சாதிக்குப் போட்ட சட்டம், இது தண்டனை பெற்ற தனிநபருக்கு. ரெண்டையும் எப்படி ஒண்ணாப் பேசுறீங்க?" என்று நண்பர் கேட்கக்கூடும். வித்தியாசம் உண்மைதான். ஆனால் நம் நாட்டில் ஒரு பெயரையும் தெருவையும் போட்டால் சாதியும் மதமும் கூடவே அச்சாகிவிடுகிறது. இந்தச் சட்டத்தின் கீழ் யாரைப் பிடிப்பது சுலபம்? லாரியில் மாடு ஏற்றிப் போகிற டிரைவர், சுமை அதிகம் ஏற்றிய வண்டிக்காரர், கழுதை வைத்துப் பிழைப்பவர். 2017 ஏப்ரலில் ராஜஸ்தானின் ஆல்வாரில், சந்தையில் மாடு வாங்கித் திரும்பிய பால் விவசாயி பெஹ்லு கான் கும்பலால் தாக்கப்பட்டு இறந்தார். அடுத்த மாதமே மத்திய அரசு, கால்நடைச் சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை இந்த மிருகவதைச் சட்டத்தின் கீழேயே கொண்டுவந்தது. மே 30 அன்று அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது நம் மதுரைக் கிளை. இந்தச் சூழலில் பெயர், படம், முகவரி கொண்ட அரசாங்கப் பட்டியல் யார் கைக்குப் போகும்? 2020 மார்ச்சில் லக்னோ வீதிகளில் போராட்டக்காரர்களின் படத்தையும் முகவரியையும் உத்தரப்பிரதேச அரசு பேனராக வைத்தபோது, அலகாபாத் உயர்நீதிமன்றம் அவற்றை அகற்றச் சொன்னது. தனிநபர் அந்தரங்கத்தில் அரசு நுழைந்துவிட்டது என்றது. தண்டனை பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடு அங்கே உண்டு. ஆனால் கும்பல் அந்த வேறுபாட்டைப் பார்த்துவிட்டா கல்லை எடுக்கும்?

7

ராஜபாளையம் நாயின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, நீண்ட கால். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம். 2005 ஜனவரியில் நான்கு இந்திய நாயினங்களுக்கு அஞ்சல்தலை வந்தபோது அதில் ஒன்று நம்மூர் நாய். பெருமைதான். அந்தப் பெருமையே அதற்குச் சங்கிலியாகவும் ஆனது. வெள்ளைதான் அசல் என்ற மோகத்தில், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனச்சேர்க்கை செய்கிறார்கள். வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் இந்த இனத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஓடப் பிறந்த நாயைப் பட்டணத்தில் வாங்குகிறவர் மொட்டைமாடியிலோ கேட்டுக்குப் பக்கத்திலோ கட்டிப்போடுகிறார்.

இது கொடுமையா? சட்டம் கொடுமை என்கிறது. வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குத் தக்க நடமாட்டம் தராத உரிமையாளர் குற்றவாளி என்று 11ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் இதற்கு வீடியோ கிடையாது. அலறல் கிடையாது. நாய் படுத்திருக்கும், அவ்வளவுதான். 2016இல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் நாயை மாடியிலிருந்து வீச, இன்னொருவர் படமெடுத்தார். நாடே கொதித்தது, கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் மாடியிலேயே கட்டிக் கிடந்து வருடக்கணக்கில் சாகும் நாய்க்கு நாம் கொதிப்பதில்லை. அப்படிக் கொதித்தால் பட்டியலில் நம் தெருவே ஏற வேண்டியிருக்கும். கொடூரனின் படம் நமக்குத் தேவைப்படுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. அவன் அங்கே இருந்தால் நாம் இங்கே நல்லவர்கள்.

8

அப்படின்னா என்னதான் செய்வது? நண்பரின் தாளை நான் கிழிக்கச் சொல்லவில்லை. திருத்தி எழுதச் சொல்கிறேன்.

தடையைக் கேட்போம். 29ஆம் பிரிவிலிருந்து லைசென்ஸ் நிபந்தனையையும், புகாரிலேயே கேட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கச் சொல்வோம். அது நடக்கும்வரை, லைசென்ஸ் முறை உள்ள ஊர்களில் கொடுக்கிற ஒவ்வொரு புகாரிலும் 'தண்டனை கிடைத்தால் 29ஆம் பிரிவின்படி தடை உத்தரவும் கேட்கிறோம்' என்று ஒரு வரி சேர்ப்போம். காசு செலவில்லாத வேலை.

பதிவேடும் வேண்டும், ஆனால் அது தடை உத்தரவுகளின் பதிவேடாக இருக்கட்டும். நீதிமன்றம், கால்நடைத்துறை, போலீஸ் பார்க்கட்டும். தத்துக் கொடுக்கிறவர் கேட்டால் 'தடை உண்டு' அல்லது 'இல்லை' என்ற பதில் மட்டும் வரட்டும். தடைக்காலம் முடிந்தால் பெயர் அழியட்டும்.

பகிரங்கமாக வைக்க வேண்டியது வேறொரு ஏடு. ஒவ்வொரு வளர்ப்பு யானைக்கும் உரிமையாளர் யார், பாகனுக்குச் சம்பளம் எவ்வளவு, விடுமுறை உண்டா, மருத்துவர் கடைசியாக எப்போது பார்த்தார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சங்கிலி? நாய்க்குட்டி விற்கிறவர் எத்தனை தாய்நாய் வைத்திருக்கிறார், எத்தனை ஈற்று? இந்த ஏட்டில் நிறுவனங்களின் பெயர் இருக்கும். அடி விழுந்தால் 11(2)இன் கீழ் முதல் நோட்டீஸ் அந்தப் பெயருக்குப் போகட்டும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்றும் இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் தனியாரிடம் இருந்த லலிதா என்ற யானையை, 2020இல் மதுரைக் கிளை அந்த உரிமையாளரிடமே விட்டது; பழகிய இடத்திலிருந்து பிரிப்பது யானைக்கு வேதனை என்பது காரணம். பிறகு யானையின் உடல்நிலை மோசமானது. 2023 பிப்ரவரியில் அதே நீதிபதி, இனிக் கோவில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்காதபடி பார்த்துக்கொள்ள அரசுக்கு உத்தரவிட்டார். கெட்ட உரிமையாளர் யார் என்று தேடுவதை விட்டுவிட்டு, இந்த உரிமையே இனி வேண்டாம் என்ற இடத்துக்கு நீதிமன்றம் வந்து சேர்ந்ததாகவே இதை நான் படிக்கிறேன். யாருடைய படமும் இல்லாத தடை இது. இனி பிறக்கும் யானைக்கன்றுகளுக்கு இதனால் கிடைக்கும் பாதுகாப்பை எந்தப் பட்டியலும் தராது.

நண்பரை மறுபடி பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். "சரி, பாகன் பெயரை எடுத்துர்றேன். கோவில் பேரை எழுதினா நம்மூர்ல எத்தனை பேர் கையெழுத்துப் போடுவான்?" என்றார். அது எனக்குத் தெரியாது. ஆனால் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். இம்முறை முதல் கையெழுத்து என்னுடையது.